அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம்

ஜனவரி 7

இந்த டைரி பயிற்சி வகுப்பில் கொடுத்தது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிகள் தினமும் இரண்டு வரியாவது எழுத வேண்டுமாம், அப்போதுதான் பொறுப்பு வருமாம். பொறுப்பு வந்ததோ இல்லையோ, எனக்குப் பயம் வந்துவிட்டது.

நான் தலைவியானதே ஒரு கூத்து. தலைவி என்றால் பள்ளியில் பிள்ளை படிக்கிற ஒரு தாயாக இருக்க வேண்டும் என்று விதி. எங்கள் ஊராட்சித் தலைவர் சீனிவாசகம் அண்ணாச்சி, எதிர்த்துப் பேசாத பொம்பளை யார் என்று ஊரெல்லாம் தேடிவிட்டு என் தையல் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். "செண்பகவல்லி, நீ சும்மா பேருக்கு இரு. பேச்செல்லாம் நாங்க பேசிக்கிடுதோம்" என்றார். நானும் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு தலையாட்டினேன். ஆட்டாமல் இருந்திருக்கலாம்.

இன்றைக்குப் பயிற்சியில் சொன்ன செய்தி இதுதான். பிள்ளைகள் குறைவாக உள்ள தொடக்கப் பள்ளிகளைப் பக்கத்தில் இருக்கிற பெரிய பள்ளியோடு சேர்க்கப் போகிறது அரசாங்கம். எங்கள் நல்லமுத்தன்பட்டிப் பள்ளியில் பதினான்கு பிள்ளைகள். ஐந்து வகுப்புக்கும் சகாயமேரி டீச்சர் ஒருவர்தான். சேர்த்தால் சாலையூர்ப் பள்ளியோடுதான் சேர்ப்பார்கள். தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நடுவே நான்கு வழிச்சாலை படுத்துக் கிடக்கிறது.

போன ஆடியில் தவசி மாமா அந்தச் சாலையைக் கடக்கும்போதுதான் அடிபட்டுச் செத்தார். நல்ல கண் பார்வை, காதும் தெளிவாகக் கேட்கும். அவருக்கே அந்தக் கதி.

என் மகள் கோமதிஸ்ரீ மூன்றாம் வகுப்பு. வீட்டில் கோமு. படிப்பில் கெட்டி. செல்லம் கொடுத்ததில் மழலை இன்னும் போகவில்லை, ஒரு தரம் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். விளையாட்டுப் புத்தி. அவளை எப்படி அந்தச் சாலையில் விடுவேன்?

ஜனவரி 10

பொங்கலுக்கு ஜாக்கெட் குவிந்து கிடக்கிறது. அதைப் போட்டுவிட்டு சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கூட்டம். குழுவில் எல்லாரும் வந்திருந்தார்கள். அண்ணாச்சி குரல் சாலையூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"இது நம்ம அய்யாக்கமாரு வீட்டுக்கு ஒரு ஆளு வந்து கல்லு சொமந்து கட்டுன பள்ளிக்கூடம். மெட்ராஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு இத மூடுன்னா மூடிருவமா? நம்ம பள்ளிக்கூடம் நம்ம கையிலதான் இருக்கணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மனசாரத்தான் தட்டினேன்.

பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். பிப்ரவரி முதல் வாரத்தில் வட்டாரக் கல்வி அலுவலர் பிள்ளைகளை நேரில் பார்க்க வருகிறார். இருபது தலை இருந்தால் தப்பிக்கலாம். ஊரில் ஆறு பிள்ளைகள் வேன் ஏறி டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறார்கள். அன்றைக்கு ஒரு நாள் அவர்களுக்கு லீவு போடச் சொல்லி நம் வகுப்பில் உட்கார வைத்துவிடுவது.

"பிள்ளைகளக் கடன் வாங்கவா?" என்றேன். எப்படி வாய் வந்ததோ.

"வெளியாளா? நம்ம ஊருப் பிள்ளைகதானம்மா. சட்ட மட்டும் நீ தச்சுக் குடுத்துரு."

தையல் கூட்டுறவுச் சங்கத்துக்கு அரசு சீருடை தைத்ததில் மிஞ்சிய துண்டுத் துணி என்னிடம் இருப்பது இவருக்கு எப்படித் தெரிந்ததோ! சகாயமேரி டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் எழுத்து ஒன்றும் இல்லை.

தப்பு என்று தெரிகிறது. சாலையை நினைத்தால் தப்பாகத் தெரியவில்லை.

ஜனவரி 15

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. தெருவில் பயல்கள் கோமுவுக்குப் பின்னால் வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். நான் பதறித் துள்ளினேன். என்னைப் பார்த்துவிட்டு அவளும் துள்ளினாள். தைரியசாலி.

ஜனவரி 21

கோமு அப்பா வந்திருந்தார். லாரியில் போனால் வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாலையூர் விஷயத்தைச் சொன்னேன்.

சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். "அந்த எறக்கத்துல லோடு வண்டி வந்தா நிக்காது செண்பா. நானே அந்த இடத்துல பிரேக் புடிக்க மாட்டேன். ஆரன் அடிச்சுக்கிட்டே எறங்கிருவோம். ஆரன் கேட்டு ஒதுங்குனாத்தான் உண்டு. நம்ம பிள்ளைக்கு..." என்று நிறுத்தினார்.

"குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார். கோமு அவர் மடியில் உட்கார்ந்து அவர் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பித் திருப்பிக் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது சின்னதில் இருந்தே பழக்கம்.

ஜனவரி 26

கிராமசபை. பள்ளியை இடம் மாற்றக் கூடாது என்று தீர்மானம். தலைவி என்பதால் நான்தான் மைக்கில் வாசிக்க வேண்டும் என்று திடீரென்று சொல்லிவிட்டார்கள். மைக் பல்லில் இடித்தது. கடைசி வரிக்கு வரும்போது குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. ஊரே கை தட்டியது. உணர்ச்சியாகப் பேசினேனாம். பேசினது எங்கே, பயந்து செத்தேன்.

பிப்ரவரி 5

ஆறு ஜோடியும் தைத்து முடித்தேன். துணி பத்தாமல் இரண்டு பாவாடைக்கு மடிப்பு குறைத்துவிட்டேன். நாளைக்கு வருகிறார்களாம்.

பிப்ரவரி 6

எங்கே இருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஆறு வேன் பிள்ளைகளையும் கொண்டுவந்து பிரித்துப் பிரித்து உட்கார வைத்தோம். அலுவலர் வந்தார். நசீமா மேடம். என் வயதுதான் இருக்கும், ஸ்கூட்டியில் தனியாக வந்தார். ஜீப்பும் ஆட்களுமாக வருவார்கள் என்று மாலையும் கையுமாக நின்ற அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது.

மேடம் வகுப்புக்குள் நுழைந்ததும் எங்கள் பிள்ளைகள் எழுந்து "வணக்கம்" என்றார்கள். அந்த ஆறு மட்டும் இழுத்து, ராகம் போட்டு, "குட் மார்னிங் மிஸ்" என்றது.

மேடம் ஒன்றும் கேட்கவில்லை. தலையை எண்ணினார். பிறகு தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அய்யோ, இது ஒருத்தர் மூளைக்கும் எட்டவில்லையே! பிள்ளைகளைக் கடன் வாங்கினோம், தலையை மட்டும்தான் யோசித்தோம். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டக்கூட வரவில்லை. ஒருத்தி புத்தகத்தைப் பார்க்கிறாள், கூரையைப் பார்க்கிறாள். இன்னொரு பயல், "மிஸ், எங்களுக்கு தமிழ் செகண்ட் டேர்ம்லதான் ஸ்டார்ட் பண்ணாங்க" என்று போட்டு உடைத்தான். அண்ணாச்சி வெளியே வேப்பமரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மேடம் டீச்சரிடம் திரும்பினார். "இந்த ஆறு பேரும் எந்த ஊர் வேன்ல வாராங்க டீச்சர்?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், நாற்பது வயதுக்கு மேல் இந்த அவமானம்.

எங்கள் பதினான்கும் நன்றாக வாசித்தது. கோமு முறை வந்ததும் எழுந்து, ஒரு பக்கத்தைக் கடகடவென்று முடித்துவிட்டாள். எனக்குப் பெருமை. மேடமும் "கெட்டிக்காரி" என்று சொல்லிக்கொண்டே அவள் பெஞ்சைத் தாண்டிப் பின்னால் போனார். அங்கே நின்று "கோமதிஸ்ரீ" என்று கூப்பிட்டார்.

கோமு திரும்பவில்லை. முன்னால் நின்ற டீச்சர் புருவத்தைத் தூக்கினார். உடனே கோமு சட்டென்று திரும்பி "என்ன மேடம்?" என்றாள்.

மேடம் அந்தப் புருவத்தைப் பார்த்துவிட்டார். "டீச்சர், கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். டீச்சர் போனார். மேடம் மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும். இன்னும் சத்தமாக. மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். என் மகள் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

மேடம் என்னிடம் வந்தார். "நீங்கதான அம்மா? பாப்பாவுக்குக் காது நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்கும் மேடம். எறும்பு ஊர்றதுகூடக் கேக்கும். வெளையாட்டுப் புத்தி, அவ்வளவுதான்."

மேடம் என்னையே பார்த்தார். பிறகு கோமுவிடம் போய் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "காது கேக்குதாடா?" என்றார். கோமு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளும் "கேக்குது" என்றாள்.

கேட்டதால்தானே பதில் சொன்னாள்! இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பிப்ரவரி 7

டீச்சர் வீட்டுக்கு வந்தார். டீயைக்கூடத் தொடவில்லை. "செண்பா, எத்தன நாளைக்கு?" என்றார்.

"எது எத்தன நாளைக்கு?"

"நான் அவள முன்னால உக்கார வைக்கேன். அவ பாக்குறாளான்னு பாத்துட்டுத்தான் வாயத் தொறக்கேன். ஒத்த ஆளா அஞ்சு வகுப்பையும் வச்சுக்கிட்டு, கரும்பலகைல எழுதும்போதுகூட அவளுக்கு முதுகைக் காட்டாம பாடம் நடத்துதேன். நீ கேட்டுக்கிட்டதுக்காகத்தான. இது அவளுக்கு நல்லதுன்னு நெனைக்கியா?"

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. "என் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். உங்களுக்கு வேல போயிரும்னு பயம், அதுக்கு என் பிள்ள பேர இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் எழுந்து போய்விட்டார். டீ ஆறிப்போனது. என்ன பேச்சு பேசியிருக்கிறேன். நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

பிப்ரவரி 19

உத்தரவு வந்துவிட்டது. ஜூன் முதல் நல்லமுத்தன்பட்டிப் பள்ளி சாலையூரோடு சேரும். மேலாண்மைக் குழு ஒப்புதல் தந்தால் ஊர் வாசல் வரை வேன் வரும். ஒப்புதல் தராவிட்டாலும் சேரும், வேன்தான் வராது போலிருக்கிறது. ஒப்புதலில் தலைவி கையெழுத்துப் போட வேண்டும். அதாவது நான்.

அண்ணாச்சி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "வேனுன்னு சொல்லுவான். ரெண்டு மாசம் வரும். அப்புறம் டீசல் இல்லம்பான், டிரைவர் இல்லம்பான். பள்ளிக்கூடம் மட்டும் போனது போனதுதான். கையெழுத்துப் போட்டுறாத, ஆமா."

அவர் சொல்வதும் பொய் இல்லை. எத்தனை வண்டியைப் பார்த்திருக்கிறோம். மாதத்துக்கு இரண்டு தரம் வருகிறேன் என்ற நடமாடும் ஆஸ்பத்திரி எங்கே போனது?

போகும்போது இன்னொன்றும் சொன்னார். மார்ச் நாலாம் தேதி நான்கு வழிச்சாலையில் மறியல். "பிள்ளைகள முன்னால உக்கார வப்போம். பிள்ளைகளப் பாத்தாத்தான் கலெக்டர் வருவாரு."

ரோட்டில் பிள்ளைகளை உட்கார வைப்பதா? ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியாமல் நின்றேன். அப்படியே ரத்தத்தோடு ஒரு ஜாக்கெட் பாழ்.

பிப்ரவரி 25

இன்று எழுத முடியவில்லை.

பிப்ரவரி 26

நேற்று கோமுவைக் கூட்டிக்கொண்டு சாலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். ஏன் போனேன் என்றால், பழக்கிவிடலாம் என்றுதான். கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தப் பள்ளிக்கூடம்தான் என்றால், வேனும் நம்ப முடியாது என்றால், பிள்ளை தானாகக் கடக்கப் பழக வேண்டாமா?

ஓரத்தில் நிறுத்தினேன். அவள் கையை விட்டேன். "வண்டி வருதான்னு நீயே பாரு. வரலன்னா போ. அம்மா பின்னாலதான் நிக்கேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினாள். நான் இரண்டடி பின்னால் வந்து நின்றேன்.

இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். கால் எடுத்து வைத்தாள். இறக்கத்தின் வளைவில் ஒரு பஸ் ஆரனை அழுத்திப் பிடித்தபடி வந்தது. காது கிழிகிற சத்தம். கோமு நடந்துகொண்டே இருந்தாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு நின்றாள், போகட்டுமா என்று கேட்கிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டின் மேல், பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் கத்தினேன். கத்துகிற என் வாயைப் பார்த்துவிட்டு ஏதோ வேடிக்கை என்று சிரித்தாள். எப்படி ஓடினேன், எப்படி இழுத்தேன் என்று ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் மண்ணில் கிடந்தோம். பஸ்ஸில் இருந்து யாரோ அசிங்கமாகத் திட்டிவிட்டுப் போனார்கள். கோமு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "நான் சரியாத்தானம்மா பாத்தேன்?" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவளைக் குளிப்பாட்டினேன். முதுகைத் தேய்க்கும்போது பின்னால் இருந்து மெதுவாக "கோமு" என்று கூப்பிட்டேன். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு இன்னும் சத்தமாக. அவள் தண்ணீரைக் கையால் அடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வயதில் அந்தக் காய்ச்சல் வந்ததில் இருந்து எனக்குத் தெரியும். எழுதிவிட்டேன். போதும்.

மார்ச் 3

டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "போடீ, போயி முகத்தக் கழுவு" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். நாளைக்கு மறியலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அண்ணாச்சி மைக் கட்டி ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போகிறார்.

மார்ச் 4

காலையில் ஊரே சாலையோரத்தில் கூடியது. கொடி, தட்டி, தண்ணீர்ப் பாட்டில். போலீஸ் வண்டி ஒன்று தள்ளி நின்றது. அண்ணாச்சி பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, "நான் கைய அசச்சதும் ரோட்டுல போயி உக்காந்துரணும், என்ன?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோமுவும் வரிசையில் நின்றாள். அவர் வாயைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலிக் காட்டில் ஓணானைப் பார்க்கத் தொடங்கினாள். அவர் கையை அசைத்துவிட்டு, வேண்டாம் திரும்பு என்று கத்தினால் இவளுக்கு என்ன தெரியும்?

நான் போய் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"என்ன செண்பகவல்லி, தலைவி பிள்ளையே இல்லன்னா எப்படி?" என்றார் அண்ணாச்சி.

"இவள விடுங்க அண்ணாச்சி."

"எல்லாரும் பிள்ளையத்தானம்மா விட்டிருக்காக. ஒம்பிள்ள மட்டும் என்ன ஒசத்தி?"

"என் பிள்ளைக்குக் காது கேக்காது!"

சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால், போலீஸ்காரர் முன்னால். "காது கேக்காது அண்ணாச்சி. லாரி வந்தாத் தெரியாது. நீங்க கத்துனாத் தெரியாது. இத்தன வருஷமா நான்தான் மூடி மூடி வச்சேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் அண்ணன் பெண்டாட்டி வேலம்மா மயினிதான் வந்து என்னைத் தூக்கினாள். காதருகே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் தெரியும் செண்பா. ஒனக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சு, நாங்க ஒருத்தரும் சொல்லாம இருந்தோம்."

அட கடவுளே. இதற்கு அழுவதா சிரிப்பதா?

தாய்மார்கள் ஒவ்வொருத்தராக வந்து தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறியல் ஆம்பிளைகளோடு பத்து நிமிஷத்தில் முடிந்தது.

மார்ச் 5

கோமு அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் லாரி சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேன்" என்றேன். "நான் எத்தனையோ தடவ வாயெடுத்தேன். நீ உப்பு இருக்கான்னு கேட்டுருவ" என்றார். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். முகத்தில் கோபம் இல்லை, வெளிச்சம்! "முந்தியே சொல்லிருக்கலாம்லம்மா. வக்கீல்ட்ட பேசிட்டேன். காது கேக்காத பிள்ள இருக்கு, ரோட்டத் தாண்ட முடியாதுன்னு கேஸ் போட்டா தடை வாங்கிரலாமாம். நம்ம பள்ளிக்கூடத்த ஒன் மகதான் காப்பாத்தப் போறா. ஒண்ணே ஒண்ணு, கையெழுத்து மட்டும் போட்டுறாத. போட்டா ஊரு ஒன்னச் சும்மா விடாது. அப்புறம் ஒரு துணி தைக்க வராது பாத்துக்க."

நசீமா மேடமும் போன் செய்தார். யார் சொன்னார்களோ. "அம்மா, பள்ளிக்கூட விஷயம் அப்புறம் பேசுவோம். ஒம்பதாம் தேதி வட்டார வள மையத்துல காது பரிசோதனை முகாம் இருக்கு. பாப்பாவக் கூட்டிட்டு வாங்க. சாலையூர்ல சிறப்பாசிரியர் வாராங்க, இந்த மாதிரி பிள்ளைகளுக்குன்னே படிச்சவங்க. காதுல வைக்கிற மெஷினும் கிடைக்கும்" என்றார்.

கோர்ட்டுக்குப் போனால் கோமு இங்கேயே இருக்கலாம். ரோடு இல்லை. டீச்சர் புருவத்தைத் தூக்குவார். எல்லாருக்கும் அவளைத் தெரியும். அங்கே போனால் முந்நூறு பிள்ளைகள், அத்தனையும் தெரியாத முகம். யார் முகத்தைப் பார்த்து இவள் பதில் சொல்லுவாள்? கோர்ட்தான் சரி என்று படுகிறது. முகாமுக்கு மட்டும் போய்வரலாம், அதில் என்ன.

மார்ச் 9

முகாமில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தபோது மதியம் ஆகிவிட்டது. சின்ன அறை. பரிசோதிக்கிறவர் இளவயதுத் தம்பி. கோமுவுக்குப் பெரிய ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டாக் கையத் தூக்கணும், சரியா பாப்பா?" என்றார். கோமு தலையாட்டினாள். நான் அவளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

தம்பி மெஷினில் பொத்தானை அழுத்தினார். கோமு கையைத் தூக்கினாள். மறுபடியும் அழுத்தினார். தூக்கினாள். மறுபடியும். மறுபடியும். ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தாயே, கேட்கிறது! என் பிள்ளைக்குக் கேட்கிறது! ஊர் முன்னால் வாயை விட்டேனே, பாவி, என்று மனசு துள்ளுகிறது.

தம்பி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"ஏன் தம்பி?"

"நான் பொத்தான அமுக்கும்போதெல்லாம் நீங்க தலையாட்டுறீங்க."

"நானா? நான் எங்க ஆட்டுனேன்?"

"ஒவ்வொரு தடவையும் ஆட்டுறீங்கம்மா. பாப்பா உங்களத்தான் பாக்குது."

எழுந்து வெளியே போனேன். கோமு பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்தாள். நானே அவளை உட்கார்த்திவிட்டுப் போனேன். கதவைச் சாத்திவிட்டார்கள். பக்கத்தில் ஒரு ஜன்னல். கோமு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

தம்பி பொத்தானை அழுத்தினார். கை எழவில்லை. அழுத்தினார். கதவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், கை எழவில்லை. கையைத் தூக்குடி, தூக்குடி என்று முணுமுணுத்துக்கொண்டு நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கிறேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "யாரக் கூப்பிடுதீங்க?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது, என் கை தலைக்கு மேலே தூக்கியபடி இருந்தது.

கடைசியில் சத்தத்தை எவ்வளவோ கூட்டின பிறகு ஒரே ஒரு தரம் தூக்கினாள். பாதி தூக்கிவிட்டு, சரியா தப்பா என்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்திருந்தாள்.

தம்பி வெளியே வந்து சொன்னார். இரண்டு காதிலும் ரொம்பக் குறைவு. மெஷின் வைத்தால் பலன் இருக்கும். ஆனால் இத்தனை வருஷம் தாமதம், பயிற்சி நிறைய வேண்டும், தினமும் வேண்டும், சிறப்பாசிரியர் இருக்கிற பள்ளியாகப் பாருங்கள் என்றார். "முகத்தப் பாத்தே சமாளிச்சுப் பழகிட்டாம்மா. தெரிஞ்ச முகமா இருந்துக்கிட்டே இருந்தா கடைசி வரைக்கும் சமாளிச்சுக்கிட்டேதான் இருப்பா" என்றார்.

அங்கேயே மரத்தடியில் நின்று அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். கேஸுக்கு என் பிள்ளை பேரைப் போட வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போகிறேன், வேன் ஒரு நாள் வராவிட்டாலும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்காருவேன், அதற்கு நீங்களும் வர வேண்டும் என்றேன். அவர் என்னென்னவோ கத்தினார். எதிர்த்துப் பேசாத பொம்பளை என்று தேடிப் பிடித்தாரே, பாவம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கோமு. சாலையூர் தாண்டியதும் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"அம்மா, நான் பாஸா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது, பாஸ்தான் என்று. ஆறு வருஷப் பழக்கம்.

"இல்லட்டி. பெயிலு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எதைப் பார்த்தாளோ, மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டு என் மேல் சாய்ந்து தூங்கிப்போனாள்.